நூலகத்தில் தலை ஏன் கனக்கிறது? எங்கள் வாசிப்புக் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தேழு ஆண்டுகள் சிங்கப்பூர்க் கட்டடங்களின் உட்கூரைப் பலகைகளுக்கு மேலே, ஏர்கான் குழாய்களுக்கு நடுவே வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு பகல்பொழுதில் பாதி நூலகத்தில்தான் கழிகிறது. மாதம் ஒரு சனிக்கிழமை பதினான்கு பேர் கூடித் தமிழ் நூல் ஒன்றைப் படித்துப் பேசுவோம். பேச்சு எந்த நாவலில் தொடங்கினாலும் "ஏன் இப்படிக் குளிர்கிறது?" என்பதில் வந்து நிற்கும். பழைய தொழிலை மறைக்கத் தெரியாத நான் மாட்டிக்கொள்வேன். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் மருத்துவன் அல்லன். மூச்சுத் திணறலோ ஆறாத இருமலோ இருப்பவர்கள் பாலிகிளினிக் என்னும் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைப் பார்க்கவேண்டும். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: நூலகத்தின் சிறிய அறையில் ஒரு மணி நேரம் கூட்டம் நடந்தாலே தலை கனக்கிறது, கொட்டாவி வருகிறது. புத்தகம் அலுப்பூட்டுகிறதா, காற்று சரியில்லையா?

இரண்டும் இருக்கலாம். புத்தகத்தின் மேல் பழி போடுவதற்கு முன் காற்றை அளந்து பார்த்துவிடுவோம் என்று ஒருமுறை கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோனேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதை மேசை நடுவில் வைத்தேன். உள்ளே நுழைந்தபோது 620 காட்டியது. பத்து லட்சம் பங்கு காற்றில் 620 பங்கு கரியமில வாயு என்று பொருள். வெளியே திறந்தவெளியில் இது 420க்குப் பக்கத்தில் இருக்கும். பதினான்கு பேர், சாத்திய கதவு, நல்ல குளிர். இருபது நிமிடத்தில் 1,000 தாண்டியது. ஐம்பதாவது நிமிடம் 1,480. அந்நேரம் பேசிக்கொண்டிருந்தவர் தம் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு "என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். கதவைத் திறந்து வைத்தோம். கால் மணி நேரத்தில் 900க்கு இறங்கியது.

நடந்தது இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். அறையின் ஏர்கான் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே காற்றைத் திருப்பித் தருகிறது. வெளிக்காற்று எவ்வளவு கலக்கிறது என்பது கூரைக்கு மேலே இருக்கும் ஒரு தகட்டுக் கதவைப் பொறுத்தது. அதைக் குறைத்து வைத்தால் மின்கட்டணம் குறையும். வெளிக்காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது, அதைக் குளிரவைக்கச் செலவு அதிகம். நான் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கதவை முக்கால்வாசி மூடிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. குளிர் குறையவில்லையே, பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

நம்மவர்கள் பெரும்பாலோர் குளிர்ந்த காற்றைத்தான் நல்ல காற்று என்று எண்ணுகிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு. கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் குழப்பத்தைப் பற்றியவைதான்.

கேள்வி: அப்படியானால் கரியமில வாயு நஞ்சா?

அந்த அளவில் இல்லை. 1,480 பங்கில் யாரும் மயங்கி விழமாட்டார்கள். ஆனால் அது ஒரு சாட்சி. அந்த எண் ஏறினால் நாம் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். சளிக்காய்ச்சல், கொவிட், காசநோய் எல்லாம் பயணம் போவது அந்த மூச்சில்தான். மூளையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2015இல் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் தலைமையில் வெளியான ஆய்வு 24 பேரை அலுவலக அறைகளில் உட்காரவைத்துச் சோதித்தது. கரியமில வாயு ஏறியபோது முடிவெடுக்கும் திறன் குறைந்ததாகச் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாமே அதை வழிமொழியவில்லை. ஆகவே "இந்த எண்ணைத் தாண்டினால் மூளை மங்கும்" என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கதவைத் திறந்துவைக்க அந்தச் சத்தியம் தேவையும் இல்லை.

சிங்கப்பூரில் குளிர்சாதனக் கட்டடங்களின் காற்றுத் தரத்துக்கு எஸ்எஸ் 554 என்ற நடைமுறை விதித்தொகுப்பு இருக்கிறது. 2009இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிட 700 பங்குக்கு மேல் கூடக்கூடாது என்கிறது அது. கணக்குப் போட்டால் சுமார் 1,100. எங்கள் அறை அதை அரைமணி நேரத்திலேயே தாண்டியிருந்தது.

கேள்வி: சரி, ஏன் இப்படி எலும்பு நடுங்கக் குளிர்விக்கிறார்கள்? வீட்டில் 25 டிகிரி போதும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் நமக்குச் சொல்கிறதே!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் எனக்கு ஏர்கான்காரர்கள் மேல் பரிவு வந்துவிடுகிறது.

குளிரவைப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுப்பது. நம் ஊரின் சராசரி ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல். அந்தக் காற்றைப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்குக் குளிர்ந்த உலோகச் சுருள்களின் மேல் ஓட்டினால், ஐஸ் போட்ட தேநீர்க் குவளையின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப்போல, தண்ணீர் துளித்துளியாக வடியும். அடியில் ஒரு தட்டு, அதிலிருந்து ஒரு குழாய். அந்தத் தட்டைக் கழுவாமல் விட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி போல வழுவழுப்பாக ஒன்று படர்ந்து, குழாயை அடைத்து, கூரைப் பலகை வழியாக வாசகர் தலையில் சொட்டும். அதைக் கையால் வழித்தெடுத்த நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது டிசம்பர் மாத மழைநாளை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே 24 டிகிரி, ஈரம் சொட்டுகிறது. நூலகத்தில் ஆள் குறைவு, வெயில் இல்லை, குளிரவைக்க வேண்டிய வெப்பமே அதிகம் இல்லை. இயந்திரம் முழுவீச்சில் ஓடினால் ஈரம் போகும், ஆனால் நீங்கள் உறைந்துபோவீர்கள். வேகத்தைக் குறைத்தால் அளவுமானியில் 24 என்று அழகாக இருக்கும், ஆனால் ஈரம் தங்கிவிடும். புத்தக அட்டை பிசுபிசுக்கும், கம்பளம் நாறும், சில வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் பூசணம் எட்டிப்பார்க்கும். முழுக்கக் குளிரவைத்து மறுபடி கொஞ்சம் சூடாக்கி விடலாம். அது மின்சாரத்தைக் கொட்டுவது. எனவே பலரும் பூசணத்துக்குப் பயந்து குளிரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நூலகத்துக்கு அந்தப் பயம் கடைத்தொகுதியைவிட அதிகம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும் பொருள், அதுவும் மாடிமாடியாக அடுக்கப்பட்டிருக்கிறது.

முன்பு சொன்ன அதே விதித்தொகுப்பு 24 முதல் 26 டிகிரி என்றும், ஈரப்பதம் புதிய கட்டடத்தில் 65, பழையதில் 70 விழுக்காட்டுக்குள் என்றும் சொல்கிறது. நடுங்கவைக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. வேகம் மாற்றிக்கொள்ளும் விசிறிகளும், வெளிக்காற்றின் ஈரத்தைத் தனியே எடுக்கும் இயந்திரங்களும் இருக்கும் கட்டடங்களில் 25 டிகிரியிலேயே சுகமாக உட்கார முடிகிறது. பிரதமரானதும் அரசு ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களில் குளிர்சாதனம் பொருத்தியதே தம் முதல் வேலை என்று லீ குவான் இயூ சொன்னது பலருக்கு நினைவிருக்கும். வெப்பநாட்டில் ஆட்களை வேலைசெய்ய வைத்தது அந்தப் பெட்டிதான், மறுக்கவில்லை. அதற்காகச் சித்திரை மாதத்தில் காலுறை போட்டுக்கொண்டு கவிதை படிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: ஒரே மேசையில் என் மகன் அரைக்கைச் சட்டையோடு இருக்கிறான். எனக்கு மட்டும் ஏன் விரல் மரத்துப்போகிறது?

எங்கள் குழுவில் எல்லோரும் அத்தை என்று அழைக்கும் மூத்தவர் கேட்டது இது. அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். உடம்பு உள்ளே எரிக்கும் அடுப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. வயது ஏற ஏறத் தசை குறையும், அடுப்பும் தணியும். உட்கார்ந்து படிக்கும்போது இன்னும் தணியும். கட்டடங்களுக்கான வெப்பநிலைக் கணக்கு நெடுங்காலமாக 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பை அளவுகோலாக வைத்திருந்தது என்று 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் சுட்டிக்காட்டினார்கள். பெண்களின் உடம்பு எரிக்கும் வெப்பம் அதில் கூடுதலாகக் கணக்கிடப்பட்டுவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஆக அத்தைக்குக் குளிர்ந்தால் அது பிடிவாதம் இல்லை, கணக்குப் பிழை.

இடம் மாறுவதும் உதவும். கூரையிலுள்ள சதுரக் கட்டத்திலிருந்து காற்று நேராக விழும் இருக்கை வேண்டாம். இரண்டு இருக்கை தள்ளினாலே போதும். சால்வையைத் தோளில் போடுவதைவிடக் கழுத்திலும் கணுக்காலிலும் சுற்றிக்கொள்வது பலன் தரும். காற்று தொடுவது அங்கேதான்.

கேள்வி: ஏர்கானில் உட்கார்ந்தால் சளி பிடிக்குமா?

குளிர் சளியை உண்டாக்குவதில்லை, கிருமிதான் உண்டாக்குகிறது. ஆனால் "எனக்கு ஏர்கான் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் திடீர்க் குளிரே தும்மலையும் நீரொழுக்கையும் கிளப்பிவிடும். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு மார்பு இறுகும். பஸ் நிறுத்தத்திலிருந்து வியர்வையோடு உள்ளே ஓடி நேரே காற்றுக்கடியில் உட்காராமல், தரைத்தளத்தில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: பழைய புத்தகம் திறந்தாலே தும்முகிறேன். புத்தகத்தில் என்ன இருக்கிறது?

தூசி, காகிதத் துகள், பூசண வித்துகள், தூசிப்பூச்சியின் கழிவு. தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று வாழ்கிறது. அதற்குப் புத்தகத்தைவிட மெத்தை வைத்த சோபாவும் தரைக் கம்பளமும்தான் பிடித்த வீடு. சிறுவர் பகுதியில் பிள்ளைகள் புரளும் அந்த மெத்தைத் திண்டுகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள் என்று பெற்றோர் கேட்டுவைப்பது நல்லது. பழைய காகிதத்தின் இனிய மணம் வேறு விவகாரம். மரக்கூழ் மெல்லச் சிதையும்போது எழும் ஆவிகள் அவை, கொஞ்சம் வெனிலா வாசனைகூட வரும். மண்ணடித்த புளித்த நாற்றம் வந்தால் அது பூசணம். அந்தப் புத்தகத்தை மறுபடி அலமாரியில் வைக்காமல் முகப்பில் கொடுத்துவிடுங்கள். பக்கத்துப் புத்தகங்கள் பிழைக்கும்.

ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்களுக்கு நம் ஊரில் ஒரு வசதி உண்டு. பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் திரையிலேயே படிக்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களின் மின்மரபுத் தொகுப்பும் 2015 முதல் இருக்கிறது. மூக்குக்குத் தொல்லை இல்லை; கண் பாடு தனி.

கேள்வி: நூலகத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். புது வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. கெடுதலா?

அந்த வாசனை சாயம், பசை, ஒட்டுப்பலகை மூன்றும் விடும் ஆவி. அதில் ஃபார்மால்டிஹைடும் இருக்கலாம். 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. நூலகத்துக்குப் போய்வரும் நமக்கு அந்த அளவு பயம் வேண்டாம். கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும்தான் உடனே தெரியும். நாள் முழுவதும் அங்கேயே இருக்கும் ஊழியர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன். இங்கே 2026 ஜனவரி 1 முதல் உட்புறச் சாயங்களில் ஃபார்மால்டிஹைடு கலப்பதற்குத் தடை வந்திருக்கிறது. பலகைகளும் பசைகளும் அந்தத் தடைக்குள் வரவில்லை என்பதால் புது அலமாரிகளை நிறையக் காற்றோட்டத்தோடு சில வாரம் ஆறவிடுவதே வழி. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் திறப்புவிழா வாரத்தைத் தவிர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: காட்டுத்தீப் புகைமூட்ட நாள்களில் வீட்டைவிட நூலகம் பாதுகாப்பானதா?

பெரும்பாலும் ஆம். 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். புகையில் நம்மை வருத்துவது பிஎம் 2.5 என்னும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. சன்னலை மூடிய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள்ளும் அது கசிந்து வரும். சுவரில் மாட்டிய வீட்டு ஏர்கானின் வலை அதைப் பிடிக்காது. நல்ல வடிகட்டி போட்ட பெரிய கட்டடம் கணிசமாகப் பிடிக்கும்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. புகை உள்ளே வராமலிருக்க வெளிக்காற்றைக் குறைப்பார்கள். அதே நாளில்தான் ஊரே நூலகத்தில் வந்து உட்காரும். கரியமில வாயு ஏறும், இருமுகிறவர்களும் இருப்பார்கள். அன்று கூட்டம் நிறைந்த மூடிய அறையைவிட உயரமான கூரையுள்ள பெரிய கூடமே மேல். ஆஸ்துமா மருந்தை வீட்டில் மறந்துவிட்டு வராதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஏர்கான் இல்லை. மதியவெயிலில் என் அப்பாவை நூலகத்தில் உட்காரவைக்கலாமா?

தாராளமாக. இந்தப் பக்கம் முழுவதும் குளிரைக் குறை சொன்னாலும் இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய உச்சத்துக்குச் சமம். முதியவர்களுக்குத் தாகம் தாமதமாகத் தெரியும், வியர்வையும் குறைவு. பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை நூலகத்தில் செய்தித்தாளோடு இருப்பது அவர்களுக்கு மருந்து போல. தண்ணீர்ப் புட்டியும் ஒரு மெல்லிய மேற்சட்டையும் கொடுத்தனுப்புங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு சுற்று நடக்கச் சொல்லுங்கள். நாளிதழ் முகத்தின் மேல் விழக் கண்ணயர்ந்தாலும் பரவாயில்லை, அங்கே அது பழகிய காட்சிதான்.

கேள்வி: வெளிச்சம் குறைவாக இருந்தால் பிள்ளைக்குக் கண் கெடுமா?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வாசிப்பு மேசைக்கு 500 லக்ஸ், அலமாரிக்கு 200 லக்ஸ் என்பது பொதுவான அளவு. குறைந்தால் கண் சோர்ந்து தலை வலிக்கும். ஆனால் கிட்டப்பார்வையைத் தடுப்பது மேசை விளக்கு அன்று, வெளிவெளிச்சம். மரநிழலில்கூட சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். சிங்கப்பூர் இளையர்களில் ஐந்தில் நால்வருக்குக் கிட்டப்பார்வை. நாளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வெளியே இருக்கவேண்டும் என்று அதிகாரிகள் சொல்வது அதனால்தான். பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்க நூலகத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து நூலகம் மூடும்வரை எழாத பிள்ளையைப் பாராட்டும் பெற்றோர், அவனை மதியம் பூங்காவுக்கும் விரட்டவேண்டும்.

விக்டோரியா ஸ்திரீட்டில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தைக் கென் யாங் வடிவமைத்தபோது வெளியே பெரிய வெயில்தடுப்புத் தகடுகளை நீட்டினார். சூரிய வெப்பம் வெளியே நிற்கும், பரவிய ஒளி உள்ளே வரும். மாடித் தோட்டங்களும் வைத்தார். அங்கே படிக்கும்போது அவ்வப்போது தலை நிமிர்ந்து தொலைவில் பச்சையைப் பார்க்கலாம். கண்ணுக்கு அதைவிட நல்ல ஓய்வு இல்லை.

கேள்வி: சத்தம்?

சத்தம் தாங்காமல் எரிச்சலோடு படிப்பது இரத்த அழுத்தத்துக்கு நல்லதன்று, அவ்வளவுதான். சிறுவர் பகுதியில் சத்தம் இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். வேறு மாடிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: யாரோ நோயாளி தொட்ட புத்தகத்தை இரவல் வாங்கினால் நோய் வருமா?

பழைய பயம் இது. 1907இல் இங்கிலாந்தில், தொற்றுநோய் உள்ளவர் நூலகப் புத்தகத்தை எடுத்தால் தண்டம் என்று சட்டமே போட்டார்கள். 2020இல் பல நாட்டு நூலகங்களும் திருப்பிய புத்தகங்களைத் தனியே வைத்துப் பார்த்தன. காகிதத்தில் பெரும்பாலான கிருமிகள் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள், கை கழுவுங்கள். பயப்படவேண்டியது பக்கத்தில் இருமுகிறவரின் மூச்சுக்கு.

கேள்வி: குறை சொன்னால் யாராவது கேட்பார்களா?

எப்படிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. "ரொம்பக் குளிர்கிறது" என்று பத்துப் பேர் சொன்னால் முகப்பில் இருப்பவர் அளவுமானியை ஒரு டிகிரி ஏற்றுவார். அடுத்த பத்துப் பேர் "புழுக்கமாக இருக்கிறது" என்று சொன்னதும் இறக்கிவிடுவார். முகப்பு ஊழியருக்குக் கூரைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை.

சென்ற ஆண்டு ஒரு கிளை நூலகத்தில் இதழ்ப் பகுதியில் உட்கார்ந்தால் எங்கள் அத்தைக்கு இருமல் வந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு முறை "காற்று சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தார். நன்றி தெரிவித்து மின்னஞ்சல் வந்தது. மூன்றாம் முறை நான் உடன் போனேன். தூணுக்குப் பக்கத்து இருக்கைக்கு நேர் மேலே, காற்று வரும் சதுரத்தைச் சுற்றி, தேநீர்க் கறை போலப் பழுப்பு வளையம். அதன் ஓரத்தில் மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். படம் எடுத்து, எந்த மாடி, எந்தத் தூண், எந்த இருக்கை, பிற்பகல் மூன்று மணி என்று நான்கு வரி எழுதினோம்.

புதன்கிழமை ஏணியோடு ஓர் இளைஞர் வந்திருந்தார். பலகையைக் கழற்றியதும் தட்டிலிருந்து தண்ணீர் அவர் தோளில் வழிந்தது. அத்தை பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டி, "தம்பி, முதலில் தலையைத் துவட்டு, ஏர்கானில் நிற்காதே" என்றார்.